தென்வாயில் கோட்டைக்கு உப்போடு சென்ற ஓலை

திரு நிலைக்க. மூன்று பக்கமும் கடல் காவல் நிற்கும் நீலவாய் நாட்டின் பவழக்குடைக்கு உரியவரும், பதினான்கு மன்றங்களின் தலைமகளும், வழக்கில் சாயாத கோலை உடையவருமாகிய அரசி அல்லியங்கோதைப் பெருந்தேவியார், தென்வாயில் கோட்டைத் தலைவரும் ஏழு துறைகளின் காவலருமாகிய எயினன் கண்டனாருக்கு விடுக்கும் திருவோலை. உம் மதில் உறுதியோடு நிற்க. உம் ஏரி கரை ததும்ப. உம் வீட்டார்க்கும் படையார்க்கும் நோயின்மை பெருக.

வாழ்த்து இன்னும் பன்னிரண்டு வரி போகவேண்டும். அரசியார் இத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். கண்டனாரே, ஓலையை இந்த இடத்தில் மடித்து வையும். இதனுடன் வந்த துணிமுடிச்சில் உப்பு இருக்கிறது. உம் கோட்டை மூத்தோர்மாடத்தில் ஒருவர் கிடக்கிறாரே, மண்நிறச் சட்டை போட்டுக் கழுத்தில் ஊதல் தொங்கவிட்டவர், அவருக்குக் கஞ்சி காய்ச்சி, இந்த உப்பில் ஒரு சிட்டிகை போட்டு, வாயருகே பிடித்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கச் சொல்லும். ஓலையோடு வந்திருக்கும் மருத்துவரைத் தடுக்காமல் உள்ளே விடும். பிறகு வந்து மீதியைப் படியும்.

செய்தாயிற்றா? செய்யாமல் படித்துக்கொண்டிருந்தால் மறுபடியும் மேலே போம். இது அரச ஆணை.

நீர் சென்ற கிழமை அனுப்பிய அழைப்போலை அரண்மனைக்கு வந்தபோது அரசியார் மகிழ்ந்தார். தென்வாயில் மூத்தோர் எழுந்து உட்காருவதை நிறுத்திவிட்டார் என்றும், கண்கள் உள்வாங்கிவிட்டன என்றும், கெண்டைக்கால் நரம்பு இழுத்துத் துடிக்கிறது என்றும், ‘ரைட், போலாம்’ என்று மட்டும் அவ்வப்போது அருளுகிறார் என்றும், மீள்கைக் குறிகள் யாவும் நிறைந்தபடியால் வரும் முழுநிலவில் மீள்விழா என்றும், தேருக்குப் பூவேலை தொடங்கிவிட்டது என்றும் எழுதியிருந்தீர். அரசியார் அந்த ஓலையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். மூன்று நாள் கழித்து அதே ஓலையைக் கையில் எடுத்தவர், இரண்டாம் வரியைத் தாண்ட முடியாமல் கீழே வைத்துவிட்டார். இடையில் என்ன நடந்தது என்பதே இவ்வோலையின் பொருள்.

இதை எழுதும் கை ஓலைநாயகம் நன்னாகனாருடையது. தம்மைப் பற்றியே எழுதுகிறார். ஆயினும் ‘நான்’ என்று எழுத அவருக்கு அனுமதி இல்லை. வழக்கில் நிற்கும் வேறொருவனைப் பற்றி எழுதுவதுபோல் எழுத வேண்டும் என்பது அரசியார் அவருக்கு இட்ட தண்டனை. இவ்வோலை பதினான்கு மன்றங்களிலும் படிக்கப்படும். ஆகையால் நமக்குப் பழகிப்போன வழக்கங்களையும், அறியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் எடுத்துச் சொல்லக் கட்டளை.

நம் நாட்டில் இரண்டு வாயில்கள் உண்டு. தலைநகரத்துக் குளத்தில் ஒன்று, உம் கோட்டைக் குளத்தில் ஒன்று. இரண்டு கல்தூண், மேலே ஒரு கல், கதவில்லை, சுவரில்லை. இறந்தவர்கள் அதன் வழியாக மறுகரை போகிறார்கள் என்பது நம் முன்னோர் கொள்கை. அப்படியானால் அதன் வழியாக யாராவது இந்தப் பக்கம் வந்தால்? இறந்தவர் ஒருவர் நம்மைப் பார்க்கத் திரும்பி வந்திருக்கிறார் என்று கொண்டோம். அவர்களுக்கு மூத்தோர் என்று பெயரிட்டோம். மாடம் கட்டினோம். இறந்தோர்க்குப் படைக்கும் முறைப்படி எள்ளும் பச்சரிசியும் உப்பின்றிப் பொங்கிப் படைத்தோம்; உப்பு நாவில் பட்டால் மூத்தோர் பனிபோல் கரைந்து போவார் என்று அஞ்சினோம். இறந்தோர்க்கு முகம் காட்டலாகாது என்று முதுகைத் திருப்பி நின்றோம். இறந்தோர்க்கு நோயேது என்று மருத்துவரை அண்டவிடவில்லை. இறந்தோர் பேச்சுக்கு மறுபேச்சு கூடாது என்று எவரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வருவது எதுவாயினும் சட்டம் என்பதால், ஒரு சொல் சிதறாமல் எழுதினோம். அந்த வேலைதான் ஓலைநாயகத்தின் வேலை. நன்னாகனாருக்கு முன் அவர் தந்தையார். தந்தையாருக்கு முன் பாட்டனார்.

வந்த மூத்தோர் எவரும் ஓராண்டு தங்கியதில்லை. மெலிவார், படுப்பார், ஒருநாள் மூச்சு நிற்கும். ‘மூத்தோர் மீண்டார்’ என்று எழுதித் தேர் இழுப்போம். நூற்றுப்பத்து ஆண்டில் பதினொருவர். படிக்கும்போதே உமக்கு ஐயம் எழவில்லையா? நமக்கு நூற்றுப்பத்து ஆண்டாக எழவில்லை.

நாற்பத்தொரு நாளைக்கு முன், உச்சிவேளையில், தலைநகரத்து வாயிலிலிருந்து இன்னொருவர் வந்தார். ஐம்பது வயதுப் பெண். இடுப்பளவு நீரில் நின்றார். ஒரு கையில் பை, மறு கையில் ஒற்றைச் செருப்பு. குளக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வழக்கப்படி சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் பேசிய முதல் சொற்களை நன்னாகனார் இவ்வாறு எழுதியிருக்கிறார்.

“ஏ யம்மா, பாலத்துக்கு அடியில செருப்பு விழுந்துட்டுன்னு குனிஞ்சேன், இது எந்த ஊரு? கல்லிடைக்குறிச்சிக்கு எப்படிப் போவணும்? ஏ, ஒங்களத்தான். காது கேக்காதா?”

மாடத்துக்கு அழைத்துவந்தார்கள். பையை அவருக்கு எட்டாதபடி உத்தரத்தில் தொங்கவிட்டார்கள், மூத்தோர் உடைமையைத் தொடுவது தீட்டு என்பதால். நன்னாகனார் தம் பலகையில், முதுகு அவர் பக்கமாக, உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, எம் பேரு செண்பகவடிவு. அப்பளக் கம்பெனியில மாவு உருட்டுதேன். கல்யாண வீட்டுக்கு அப்பளம் கொண்டு போவணும், நேரமாச்சு. எம் மவ தேடுவா.”

எழுத்தாணி கீறிற்று.

“அங்கன திரும்பி உக்காந்து என்னத்தப் போட்டுக் கீறுதீரு? போலீசா நீரு?”

அதையும் எழுதினார். போலீசு என்பது மறுகரையில் ஒரு தெய்வமாக இருக்கலாம் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினார். அந்தக் குறிப்பை இப்போது அவரால் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அவர் சொன்னது: “இந்தச் சோத்த மாடு திங்குமா? ஒரு கல்லு உப்பு போட்டா ஒங்க கோட்டை என்ன இடிஞ்சா போயிரும்?” ஓலை பெருங்கணி இயக்கனாரிடம் போயிற்று. மூத்தோர் சொல்லுக்குப் பொருள் காண்பவர் அவர் அல்லவா? கோட்டை இடியப்போகிறது என்று பொருள் கண்டார். உம் ஊரிலிருந்து இருநூறு கொத்தர்களை அவசரமாக வரவழைத்து வடமதிலைப் பூசினோமே, எதற்கு என்று நீரும் கேட்டு எழுதினீரே, இதற்குத்தான் கண்டனாரே. ஓர் அம்மாள் சோற்றில் உப்பில்லை என்று சொன்னதற்கு நாம் மதில் பூசினோம்.

பத்தாம் நாள்: “இந்த ஊர்ல எல்லாருக்கும் முதுகுதான் இருக்கா? மூஞ்சிய எங்க அடகு வச்சிட்டிய?” நன்னாகனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினார். இறந்தவர் முன் சிரிப்பது குற்றம் என்று அன்று மாலை குளத்தில் மூழ்கிக் கழுவாய் செய்தார். ஒரு பெண் பிள்ளை வேடிக்கையாகப் பேசினாள், தமக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு உயிர்களுக்கு இடையில் நடக்கிற காரியம் அது என்று அப்போதும் அவருக்குத் தோன்றவில்லை.

இருபத்தெட்டாம் நாளோடு அவர் குரல் தேய்ந்தது. காய்ச்சல் அடிக்கிறது, ஒரு மாத்திரை தாருங்கள் என்றார். பிறகு பேச்சு எல்லாம் போய் ஒன்றே ஒன்று நின்றது. “உப்பு இல்ல. உப்பு இல்ல.” நாளெல்லாம் அதுதான். அந்த ஓலையும் இயக்கனாரிடம் போயிற்று. கடல் இனி உப்புத் தராது என்பது மூத்தோர் வாக்கு என்றார். அன்றே உப்பளம் எல்லாம் காவலில் வந்தது. கடைத்தெரு உப்பு முழுவதும் அரச பண்டகசாலைக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. பன்னிரண்டு நாள் தலைநகரத்தில் எந்த வீட்டிலும் உப்பில்லை. அரசியார் உணவிலும் இல்லை. கருவாட்டுத்துறைப் பெண்கள் அழுகிய மீன் கூடையோடு அரண்மனை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள்.

“தாயி, மீனு நாறுது, புள்ளைங்க சோத்தத் துப்புது. வெறுஞ்சோறு எத்தன நாளைக்குத் தின்ன முடியும்னு நீங்களே சொல்லுங்க.”

 அரசியாருக்கே பன்னிரண்டு நாளில் நடக்கும்போது தலை சுற்றியது. மூத்தோரிடமே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

நாற்பதாம் நாள் காலை, வெயில் ஏறுமுன், மாடத்தில் அவை கூடியது. அரசியார், இயக்கனார், மன்றத்தார் பதினால்வர், எல்லாரும் முதுகைத் திருப்பி நின்றார்கள். நன்னாகனார் பலகையில். வாசற்படியில் சாத்தி. சாத்தியை உமக்குத் தெரியாது. மூத்தோர்மாடத்துச் சமையற்பெண், முப்பது ஆண்டாக உப்பின்றிப் பொங்குகிறவள். இயக்கனார் முறைப்படி, கடல் எந்நாள் உப்புத் தரும் என்று மூத்தோர் திருவாய் மலர வேண்டும் என்று கேட்டார்.

பாயில் கிடந்தவர் மெல்லச் சொன்னார்: “கடலுக்கு என்ன கேடு? என் தட்டுக்கு எப்பம் தருவிய, அதச் சொல்லுங்க.”

மன்றத்தார் முணுமுணுத்தார்கள். தட்டு என்பது நிலவைக் குறிக்கும் என்றார் இயக்கனார். முழுநிலவு வரை பொறுக்க வேண்டும் போலும் என்றார். அப்போதுதான் வாசற்படியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“போதும் சாமி! அந்தம்மா சோத்துக்கு உப்புக் கேக்குறா. நீங்க நெலாவ இழுக்குறீங்க.”

“சமையக்காரி, வாய மூடு. செத்தவங்களுக்குப் பசி ஏது?” என்று சீறினார் இயக்கனார்.

“பசி இல்லாதவங்களுக்கு முப்பது வருசமா நான் எதுக்கு ஒல வச்சேன்? தட்டுக் கழுவுறது நான்தானே. வழிச்சு நக்குன தட்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? செத்தவங்க தட்ட நக்குவாங்களா சாமி?”

 இயக்கனார் விட்டுக்கொடுப்பவரா? மூத்தோர் உடைமையை இறக்கிக் குறி பார்ப்போம், அதில் உண்மை தெரியும் என்றார். காவலன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஏணியில் ஏறிப் பையை அவிழ்த்துக் கீழே விட்டான். அது பாய்க்கு அருகில் விழுந்தது.

“ஏ, எம் பையி!”

பிறகு ஒரு சத்தம். நன்னாகனார் எழுத்தாணியை ஓலையில் வைத்தபடி காத்திருந்தார். அது சொல் அல்ல. எதையோ ஒடிக்கும் சத்தம். மெல்லும் சத்தம். மறுபடி ஒடித்து மறுபடி மெல்லும் சத்தம். கூடவே பெருங்காய வாசனை. முப்பது ஆண்டாக எதைக் கேட்டாலும் எழுதிவிடும் கை, எதை எழுதுவது என்று தெரியாமல் நின்றது. அதன் பின் ஒரு விம்மல்.

“யம்மாடி… உப்பு.”

‘கரைந்துவிடுவார்!’ என்று அலறியபடி இயக்கனார் தரையில் குப்புற விழுந்தார். மன்றத்தாரில் இருவர் வெளியே ஓடினார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள். மெல்லும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

நன்னாகனார் திரும்பினார்.

அவர் கண்டதை உள்ளபடி எழுத வேண்டும் என்பது ஆணை. பனி இல்லை, ஒளி இல்லை. பாயில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து, பச்சை அப்பளத்தை இரண்டு கையாலும் பிய்த்து வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. கன்னத்தில் கண்ணீரோடு மாவுத் துணுக்கு ஒட்டியிருந்தது. கழுத்தில் வேர்வை. கைகள் நிறையக் கொசு கடித்த தடிப்பு. சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது. கண்டனாரே, கொசு கடித்திருந்தது! நாற்பது நாள் நாலு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரியவில்லை. நம் நாட்டுக் கொசுவுக்குத் தெரிந்திருந்தது.

அந்த அம்மாள் இவரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏ யப்பா, கடைசில ஒரு மூஞ்சி தெரிஞ்சிட்டு. நல்லாத்தான இருக்கீரு. இத ஏன் இத்தன நாளு ஒளிச்சு வச்சீரு?”

நன்னாகனார் தம் பணிக்காலத்தில் ஒரு மூத்தோரிடம் கேட்ட முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் அதுதான். “நீங்க… உசுரோடவா இருக்கீங்க?”

“நாப்பது நாளா அதத்தான வே கத்துதேன்! நீரு எழுதிக்கிட்டுல்லா இருந்தீரு!”

சொல்லிவிட்டு ஓர் அப்பளத்தை நீட்டினார். “இந்தாரும், தின்னு பாரும். ஒமக்கும் மூஞ்சி வாடித்தான் கெடக்கு.”

அவர் வாங்கித் தின்றார். பன்னிரண்டு நாளைக்குப் பின் நாவில் உப்பு. அடுத்த நொடி எழுத்தாணி, பலகை எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, தலைப்பாகை அவிழ்ந்தது தெரியாமல், ஓலைச்சாலைக்கு ஓடினார். ஏன் ஓடினார்? மற்ற பதினொருவர் என்ன சொன்னார்கள் என்று பார்க்க.

கட்டுகள் ஒழுங்காக இருந்தன. ஒரு பூச்சி அரிப்பு இல்லை. பாட்டனார் கையில் எழுதியதை முதலில் பிரித்தார். ‘நான் சாகல சாமி, நல்லாப் பாருங்க.’ தந்தையார் கையில் எழுதியது: ‘சர்க்கரை வியாதிக்காரன் நான், மாத்திரையக் குடுங்க, கும்பிட்டுக் கேக்கேன்.’ ஆண்டுதோறும் கார்முதல் நாளில் வீட்டுக்கு ஒரு வெல்ல உருண்டை கொடுக்கிறோமே, சர்க்கரைத் திருநாள் என்று, அதற்கு மூலச்சட்டம் இந்த வரி. பெயரும் சொல்லியிருக்கிறார், ஊரும் சொல்லியிருக்கிறார். உப்பு என்ற சொல் பதினொரு கட்டிலும் இருக்கிறது. வீடு என்ற சொல்லும் பதினொரு கட்டிலும் இருக்கிறது.

கடைசி மூன்று கட்டுகளும் அவருடைய எழுத்து. அதில் ஒன்றைச் சொல்லாமல் விட அவர் விரும்பினார், அரசியார் விடவில்லை. பதினேழு ஆண்டுக்கு முன் வந்த ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். ‘எம் பேரு கோமளா. கைப்புள்ள தொட்டில்ல தூங்குது. எந்திரிச்சா பாலுக்கு அழும். என்ன விடுங்க.’ முதல் நாள் அப்படி. இரண்டாம் நாள் அப்படி. ஐந்தாம் நாள்: ‘பால் கட்டிக்கிச்சு, வலி தாங்கல.’ எழுபது நாள் இருந்தாள். பொருள் கண்டு சட்டம் செய்தோம். நாட்டில் தாயில்லாப் பிள்ளை ஒன்றுகூடப் பாலுக்கு அழக்கூடாது என்று ஊர்தோறும் பாற்சாலை வைத்தோம். அயல்நாட்டார் வந்து பார்த்துப் புகழ்கிற அறம் அது. அவளை மட்டும் பிள்ளையிடம் விடவில்லை.

அந்த ஓலையில் எழுத்து மிக அழகாக இருந்தது. ஓரிடத்திலும் அடித்தல் இல்லை.

நன்னாகனார் கட்டுகளைச் சுமந்துகொண்டு மாடத்துக்குத் திரும்பினார். அவை கலையவில்லை. அரசியார் திரும்பி நின்று அந்த அம்மாளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாத்தி உப்புக்கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நன்னாகனார் ஒவ்வொரு கட்டாகப் படித்தார். கோமளாவின் கட்டு வந்ததும் அதை மூடி வைத்தார்.

“நிறுத்தாதீங்க நாகனாரே” என்றார் அரசியார். “எத்தன பேரு மொத்தம்?”

“பதினொண்ணு, தாயே.”

“உங்க கையெழுத்து?”

“மூணு.”

“அந்தத் தேர் மூணையும் நான்தான் வடம் பிடிச்சு இழுத்தேன்.”  சொல்லிவிட்டு அரசியார் திடுக்கிட்டவராக நிமிர்ந்து, “தென்வாயில்ல ஒருத்தர் இருக்காரே!” என்றார். அப்போதுதான் உம் அழைப்போலையைத் தேடி எடுத்தார்கள். அரசியார் இரண்டாம் வரியில் கீழே வைத்ததை நன்னாகனார் எடுத்து உரக்கப் படித்தார்.

இயக்கனார் தரையில் கிடந்தபடியே, இது நூற்றுப்பத்து ஆண்டு வழக்கு, ஒருநாளில் மாற்றினால் நாம் சட்டம் என்று வைத்திருப்பதெல்லாம் சரியும், நாட்டார் நம்மை என்ன நினைப்பர் என்று முறையிட்டார். சாத்திதான் பதில் சொன்னாள். “பால்சாலைய யாரும் மூடச் சொல்லல சாமி. பெத்தவள அடைச்சு வைக்காதன்னுதான் சொல்றோம்.” அரசியார் அதையே தீர்ப்பாக எழுதச் சொன்னார். சொல் மாற்ற வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை செண்பகவடிவு அம்மையாரைக் குளத்து வாயிலுக்கு அழைத்துச் சென்றார்கள். இதுவரை எந்த மூத்தோரையும் அதன் பக்கம் நாம் விட்டதில்லை. திரும்பிப் போக வழி உண்டா என்று எவரும் பார்த்ததில்லை. அந்த அம்மாள் நீரில் இறங்கித் தூண்களுக்கு நடுவே கையை நீட்டினார். கை முழங்கை வரை காணாமல் போயிற்று. அந்தப் பக்கமிருந்து ஏதோ பெரிய விலங்கு பிளிறுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

“பஸ்ஸு! எங்க ஊரு பஸ்ஸு!” என்று கத்தினார். நன்னாகனார் கரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். கையை நீட்டினால் போதும், அவ்வளவுதான். கோமளாவுக்கும் அவ்வளவு போதுமாக இருந்தது.

“போங்கம்மா” என்றார் அரசியார். “உங்க மக காத்திருப்பா. எங்கள மன்னிங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல.”

அந்த அம்மாள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு நின்றார். “தெக்க ஒருத்தர் கெடக்காருன்னு சொன்னியளே, அவருக்கு யாரு கஞ்சி குடுப்பா?”

“இன்னைக்கே ஓலை போகும்.”

“ஓலையா!” சிரித்துவிட்டார். “ஒங்க ஊரு ஓலையப் பத்தி எனக்குத் தெரியாதாக்கும்? அந்த மனுசன் சொன்னதா என்னமோ படிச்சியளே, ரைட்டு போலாம்னு. அவரு பஸ் கண்டக்டராக்கும். நாக்கு வறண்டு உசுரு போற நேரத்துலயும் டபுள் விசில் குடுத்துக்கிட்டு இருக்காரு. ஒங்காளு எவனாவது போயி நின்னா இன்னும் பயந்துக்கிடுவாரு. நான் போயி, அண்ணாச்சி, எந்த டிப்போன்னு ஒரு வார்த்தை கேட்டாத்தான் கண்ணத் தொறப்பாரு.”

“நாலு நாள் படகுப் பயணம்மா. உங்களுக்கே இன்னும் காய்ச்சல் விடல.”

“நாப்பது நாளு காத்திருந்த எம் மவ, இன்னும் பத்து நாளு காத்திருப்பா. அந்தாளுக்குப் பத்து நாளு இருக்கா?”

காலை வெளியே எடுத்துவிட்டார். அரசியார் அவர் கையைப் பிடித்துக் கரையேற்றினார்.

எனவே, கண்டனாரே, இவ்வோலையை உமக்கு நீட்டியவர் அந்த அம்மையாரே. துறைக்காவலர்கள் அவருக்கு முதுகைக் காட்டியிருப்பார்கள், நீரும் காட்டியிருப்பீர். அவரை மாடத்துக்குள் விட்டு, ஒரு பாயும் வெந்நீரும் கொடுக்கச் சொல்லி, அவர் கேட்கும் கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்லும்.

இனி ஆணை. உம் கோட்டை மூத்தோர்மாடத்தின் பூட்டு இன்றே கழற்றப்பட வேண்டும். அவருக்கு அருகில் எப்போதும் ஒருவர் முகம் பார்த்து உட்கார வேண்டும். நீர் வாரந்தோறும் எழுதி அனுப்பியவற்றில் அவர் தம் பெயரைச் சொன்னாரா என்று தேடினோம். முதல் வாரத்து ஓலையில் இருக்கிறது, சுடலைமுத்து. அந்தப் பெயரால் அவரை அழையும். தேரைக் கலைக்க வேண்டாம். அவர் எழுந்தாலும் உம் குளத்து வாயில்வரை நடக்க வலுவிருக்காது. தேரில் உட்காரவைத்துக் கொண்டுபோம், வடத்தை நீரே பிடியும். உம் வாயிலும் நம் வாயிலைப்போல் அவரை ஏற்குமா என்று நாம் அறியோம். ஏற்காவிடில் படகில் இங்கே கொண்டுவாரும்.

உம்மைக் குற்றம் சொல்லி இது எழுதப்படவில்லை. குற்றப்பட்டியலில் உம் பெயருக்கு மேலே ஓலைநாயகத்தின் பெயர் இருக்கிறது. அதற்கும் மேலே அரசியார் தம் பெயரைத் தம் கையாலேயே எழுதியிருக்கிறார்.

இத்துடன் வெற்றோலை நறுக்கு ஒன்று வருகிறது. ஒரு விரல் நீளம். ஒரு சொல்லுக்கே இடம் உண்டு. நன்னாகனார் நம் துறையில் படகுக்காகக் காத்திருப்பார். சுடலைமுத்து உப்புக்கஞ்சியை விழுங்கினால், ‘உண்டார்’ என்று எழுதி அனுப்பும். இவ்வோலை வந்து சேருமுன் அவர் மூச்சு நின்றிருந்தால், நிலவைச் சொல்ல வேண்டாம், குறியைச் சொல்ல வேண்டாம், மீண்டார் என்று எழுத வேண்டாம். ‘கொன்றோம்’ என்று எழுதும். அந்தச் சொல்லை எழுத இந்நாட்டில் இனி எவர் கையும் கூசக்கூடாது என்பதற்காக, நன்னாகனார் அதை இங்கே பதினொரு முறை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர் பொறித்துத் தனியோலையாக இணைத்திருக்கிறார். அவற்றில் இரண்டு பெயர்கள் தெரியவில்லை. அந்த இடங்கள் வெறுமையாக விடப்பட்டுள்ளன.

பவழக்குடை முத்திரை இட்டு, உப்புநீரில் நனைத்த நூலால் கட்டி, அரசியார் கையால் விடுக்கப்பட்டது. பண்டகசாலைப் பூட்டு திறந்து, ஊரெல்லாம் உப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. உம் விடை வரும்வரை அரசியார் உலையில் மட்டும் உப்பு விழாது.

விரைந்து எழுதும்.